பாரிசுக்கு அளவெடுத்த விமானம்

"இவனுக்கு விமானத்தைப் பற்றி என்ன தெரியும்?" என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். முப்பத்தாறு வருடம் அரசுப் பணியில் இருந்தேன். அத்தனை காலமும் ஒரு தடவைகூட விமானம் ஏறியதில்லை. ஓய்வு பெற்ற பிறகு மகளைப் பார்க்கப் பிரான்சுக்குப் போனபோதுதான் முதன்முதலாக ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தும் பயத்தில் பாதி வழி கண்ணை மூடிக்கொண்டே இருந்தேன்.

ஆனால் ஃபைல் என்றால் எனக்குத் தெரியும். ஒரு ஃபைல் எப்படிப் பிறக்கிறது, எந்த மேசையில் தூங்குகிறது, யார் கையெழுத்து விழுந்தபின் அதை யாராலும் நிறுத்த முடியாமல் போகிறது என்பதெல்லாம் கைப்பழக்கம். இன்று எழுதப்போவதும் ஒரு ஃபைலைப் பற்றித்தான். லண்டனில் இருந்த விமான அமைச்சகத்தின் ஃபைல் அது. எண் பி 27/32. அதிலிருந்து பிறந்தது ஃபேரி பேட்டில் என்ற குண்டுவீச்சு விமானம்.

இந்த விமானத்தின் மேல் எனக்கு ஏன் அக்கறை வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இங்கே தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். எங்கள் வரலாற்று ஆசிரியர் 1940 மே மாதத்துப் பாடத்துக்கு வந்ததும் கரும்பலகையில் மியூஸ் நதியை ஒரு பெரிய வளைவாக வரைந்து, நடுவில் ஒரு புள்ளி வைப்பார். அது செதான். ஆங்கில வழியில் படித்தவர்கள் செடான் என்பார்கள். 1870-இல் மூன்றாம் நெப்போலியன் ஜெர்மானியரிடம் சரணடைந்த அதே ஊர். எழுபது வருடம் கழித்து அதே ஊர் வழியாகத்தான் ஜெர்மன் டாங்கிகள் மறுபடி உள்ளே வந்தன. "ஆங்கிலேயர் என்ன செய்தார்கள் ஐயா?" என்று ஒரு பையன் கேட்டான். ஆசிரியர் தோளைக் குலுக்கினார். அவர்கள் விமானங்களைத் தங்கள் தீவுக்காகப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள், செதானுக்கு வரவில்லை என்றார். எங்கள் தெருவில் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த சொல்தாக்களும் இதையே சொல்வார்கள். ஊரில் பொதுக்கருத்தே அதுதான்.

பல வருடம் கழித்து ரோமன் ரோலண்ட் நூலகத்தில் அந்த மே மாதத்தைப் பற்றி ஒரு புத்தகம் கையில் கிடைத்தது. அதில் இருந்த எண்கள் ஆசிரியர் சொன்னதோடு ஒத்துப்போகவில்லை. அதிலிருந்து பின்னோக்கிப் படிக்க ஆரம்பித்தேன். படித்துப் போய்ச் சேர்ந்த இடம் 1923.

முதல் உலகப்போர் முடிந்து ஐந்து வருடம். ஜெர்மனிக்கு விமானப்படை வைத்துக்கொள்ளவே அனுமதியில்லை. அப்படியானால் பிரிட்டன் யாரை நினைத்துக் குண்டுவீச்சு விமானங்களுக்குத் திட்டம் போட்டது? பிரான்சை நினைத்து! ரூர் பகுதியைப் பிரெஞ்சுப் படை ஆக்கிரமித்ததில் இரு நாடுகளுக்கும் மனக்கசப்பு. ஐரோப்பாவில் அன்று பெரிய விமானப்படை பிரான்சிடம்தான் இருந்தது. அதற்கு ஈடாக 52 ஸ்க்வாட்ரன்கள் வேண்டும் என்று 1923-இல் லண்டனில் முடிவாயிற்று. ஐந்து வருடத்துக்கு முன் ஒரே பதுங்குகுழியில் நின்று செத்தவர்கள்! இந்தத் தகவலை என் பழைய ஆசிரியரிடம் சொல்லியிருந்தால் மனிதர் சாக்பீசைக் கீழே போட்டிருப்பார்.

அந்தக் காலத்தில் ரிச்சர்டு ஃபேரி என்றொரு முதலாளி இருந்தார். அவர் தொழிற்சாலையில் செய்த ஃபான் என்ற குண்டுவீச்சு விமானம் மணிக்கு 114 மைல்தான் பறக்கும். ஃபான் என்றால் மான்குட்டி. பெயருக்குப் பொருத்தமில்லாத ஆமை. அரசு தந்த நிபந்தனைகளின்படி செய்தால் ஆமைதான் வரும் என்று ஃபேரிக்குக் கோபம். 1923 செப்டம்பரில் இங்கிலாந்தின் கவ்ஸ் என்ற இடத்தில் கடல் விமானப் பந்தயம் நடந்தது. அமெரிக்காவின் கர்டிஸ் விமானம் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டது. அதன் எஞ்சின் ஒல்லியானது, மூக்கு கூரானது. ஃபேரி அமெரிக்கா போய் அந்த எஞ்சினை வாங்கிவந்து, யாரும் கேட்காமல் தன் சொந்தக் காசில் ஒரு விமானம் செய்தார். அதற்கு ஃபாக்ஸ், அதாவது நரி என்று பெயர். 1925 ஜனவரியில் பறந்தது. மணிக்கு 156 மைல். அன்றைய சண்டை விமானங்களால்கூட அதைப் பிடிக்க முடியவில்லை.

விமானப்படைத் தலைவர் ட்ரென்சார்ட் நேரில் பார்த்து அசந்துபோய் வாங்கச் சொல்லிவிட்டார். ஆனால் வாங்கியது ஒரே ஒரு ஸ்க்வாட்ரனுக்கு மட்டும். மொத்தம் 28 விமானம். எஞ்சின் அந்நிய நாட்டுச் சரக்கு என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை என்னைப்போல் இலாகாவில் இருந்தவர்கள் எளிதில் ஊகிக்கலாம்: முறைப்படி கேட்காமல் செய்த பொருள். அடுத்த புதிய குண்டுவீச்சு விமானத்துக்கு 1926-இல் நிபந்தனைகள் தயாரானபோது, அந்த அழைப்பு ஃபேரி கம்பெனிக்கு முதலில் போகவே இல்லை. இவர் சண்டை போட்ட பிறகுதான் போனது. அதற்குள் ஹாக்கர் கம்பெனி முந்திக்கொண்டு ஹார்ட் என்ற விமானத்தைக் கொடுத்துவிட்டது. முறைப்படி வராதவனை முறைப்படியே மறப்பது எல்லா ஊர் இலாகாவுக்கும் பொது போலிருக்கிறது.

நரி விமானம் கிடைத்த அந்த ஒரே ஸ்க்வாட்ரனின் எண் 12. அவர்கள் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டு நரித்தலையையே தங்கள் சின்னமாக வைத்துக்கொண்டார்கள். இந்த 12 என்ற எண்ணை நினைவில் வையுங்கள்.

ஹார்ட் நல்ல விமானம், அதில் சந்தேகமில்லை. இரட்டைத் தட்டு இறக்கை, மணிக்கு 184 மைல். 1930 வாக்கில் நடந்த ஒத்திகைகளில் சண்டை விமானங்கள் அதைத் துரத்தித் துரத்தித் தோற்றன. இது ஒரு நம்பிக்கையை வளர்த்துவிட்டது. வேகம் இருந்தால் போதும், துப்பாக்கி பெரிதாகத் தேவையில்லை. குண்டுவீச்சு விமானத்தை யாராலும் தடுக்க முடியாது. 1932 நவம்பரில் பால்ட்வின் நாடாளுமன்றத்திலேயே இந்தப் பொருளில் பேசினார். என்ன செய்தாலும் அது வந்தே தீரும் என்று தெருவில் போகும் சாதாரண ஆள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். ஹார்ட்டை வைத்துப் பார்த்தால் அன்று அது பொய்யும் இல்லை.

இந்தச் சூழ்நிலையில்தான் பி 27/32 பிறக்கிறது. 27 வரிசை எண், 32 வருடம். நிபந்தனைகள் கம்பெனிகளின் கைக்குப் போனது 1933 ஏப்ரலில். ஹார்ட் விமானத்துக்கு அடுத்து வரவேண்டியது எப்படி இருக்க வேண்டும் என்பது அதில் இருந்தது. ஒற்றை இறக்கை. ஒரே எஞ்சின். 1000 ராத்தல் குண்டு, நம் கணக்கில் சுமார் 450 கிலோ. அதைச் சுமந்துகொண்டு 1000 மைல் பறக்க வேண்டும்.

இந்த ஆயிரம் மைலைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். லண்டனிலிருந்து பாரிஸ் நேர்கோட்டில் சுமார் 215 மைல். போய்த் திரும்ப 430. வழியில் சுற்றிக்கொண்டு போனாலும் தாராளம். லண்டனிலிருந்து பெர்லின் சுமார் 580 மைல். போய்த் திரும்ப 1160. ஆயிரம் மைல் விமானம் பெர்லினுக்குப் போகலாம், வீடு திரும்பாது. அளவெடுத்த தையல்காரர் யாரை மனதில் வைத்து அளவெடுத்தார் என்பது தெரிகிறதல்லவா? அது பாரிசுக்குப் போய்வர அளவெடுத்த சட்டை.

ஒரே எஞ்சின் ஏன் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. 1932 பிப்ரவரியில் ஜெனீவாவில் ஆயுதக் குறைப்பு மாநாடு தொடங்கியது. குண்டுவீச்சு விமானங்களின் எடைக்கு ஓர் உச்சவரம்பு வைக்கலாம் என்று அங்கே பேச்சு நடந்துகொண்டிருந்தது. அந்த வரம்பு வந்துவிட்டால் பெரிய விமானம் எல்லாம் வீணாகிவிடும். எதற்கும் இருக்கட்டும் என்று சிறியதாக ஒன்றும் கையில் வைத்துக்கொள்வது விவேகம்தானே? நானாக இருந்தாலும் அப்படித்தான் குறிப்பு எழுதி மேலே அனுப்பியிருப்பேன்.

1933 ஜனவரியில் ஹிட்லர் பதவிக்கு வந்தார். அக்டோபரில் ஜெர்மனி ஜெனீவாவை விட்டு வெளியேறியது. எடை வரம்பு கனவாகப் போயிற்று. எதிரி பாரிசில் இல்லை, பெர்லினில் இருக்கிறான் என்பதும் தெளிவாயிற்று. அந்த ஃபைலில் இருந்த இரண்டு காரணங்களும் செத்துவிட்டன. ஃபைல் மட்டும் சாகவில்லை.

ஃபேரி கம்பெனியில் இதை வடிவமைத்தவர் மார்செல் லொபெல். பெல்ஜியத்தின் கோர்த்ரே ஊர்க்காரர். அவர் குறை வைக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். முழு உலோக உடல், வழுவழுப்பான தோற்றம், உள்ளிழுத்துக்கொள்ளும் சக்கரங்கள், கண்ணாடிக் கூண்டு. துணி போர்த்திய இரட்டைத் தட்டு விமானங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது அடுத்த நூற்றாண்டுப் பொருள் மாதிரி இருந்திருக்கும். கேட்ட வேகத்தைவிட அதிகமாகவே கொடுத்தார். இதே லொபெல் வடிவமைத்த ஸ்வோர்ட்ஃபிஷ் என்ற பழைய பாணி இரட்டைத் தட்டு விமானம்தான் 1941-இல் பிஸ்மார்க் போர்க்கப்பலை முடமாக்கியது. அழகான பிள்ளை தோற்று, கட்டைப் பிள்ளை ஜெயித்த கதை.

பேட்டில் முதன்முதலாகப் பறந்தது 1936 மார்ச் 10. அந்த ஒரு வாரத்தைப் பாருங்கள். மார்ச் 5-இல் ஸ்பிட்ஃபயர் முதன்முதலாகப் பறந்தது. மார்ச் 7-இல் ஹிட்லரின் படை ரைன்லாந்துக்குள் நுழைந்தது. மூன்று நாள் கழித்து இது. ஸ்பிட்ஃபயரிலும் இதிலும் இருந்தது ஒரே எஞ்சின், ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின், சுமார் 1030 குதிரைத்திறன். ஸ்பிட்ஃபயரில் ஓர் ஆள். இதில் மூன்று ஆட்கள்: ஓட்டுபவர், வழி பார்த்துக் குண்டு போடுபவர், பின்னால் உட்கார்ந்து கம்பியில்லாத் தந்தியையும் துப்பாக்கியையும் பார்த்துக்கொள்பவர். அதோடு குண்டுகள். மொத்தத்தில் ஸ்பிட்ஃபயரைப்போல் இருமடங்குக்குக் கிட்டத்தட்ட எடை. முன்னால் சுட ஒரு துப்பாக்கி, பின்னால் சுட ஒன்று, அவ்வளவுதான். ஒற்றை மாட்டை இரட்டை மாட்டு வண்டியில் பூட்டிய மாதிரி.

முதல் விமானம் பறப்பதற்கு முன்பே, 1935-இல், 155 விமானங்களுக்கு ஆர்டர் போய்விட்டது. இதற்குத் தூரமும் போதாது, குண்டும் போதாது, ஜெர்மனிக்கு எதிராக இது பயன்படாது என்று விமானப்படை அதிகாரிகள் சிலர் அப்போதே சொல்லியிருந்தார்கள். பிறகு ஏன் வாங்கினார்கள்? ஜெர்மனி விமானம் விமானமாகச் செய்து தள்ளிக்கொண்டிருந்தது. இத்தனை ஆயிரம் விமானம் எங்களிடமும் உண்டு என்று நாடாளுமன்றத்தில் எண் சொல்ல வேண்டும். சொல்வதற்குக் கையில் தயாராக இருந்த வடிவம் இது. வரைபடம் ரெடி, அச்சு ரெடி, ஆட்கள் ரெடி. ஸ்டாக்போர்ட் அருகே ஃபேரிக்குப் புதுத் தொழிற்சாலை. பர்மிங்காம் பக்கம் லாங்பிரிட்ஜில் ஆஸ்டின் கார் கம்பெனிக்கு அரசு செலவில் ஒரு தொழிற்சாலை. அங்கே மட்டும் ஆயிரத்துக்கு மேல். மொத்தத்தில் சுமார் 2200 பேட்டில்கள் செய்தார்கள்.

இதைக் கேட்டு யாரும் சிரிக்க வேண்டாம். நான் இருந்த ஓர் அலுவலகத்தில் புதுத் தட்டச்சுப் பொறிகள் கேட்டு ஒரு ஃபைல் போட்டார்கள். நாலு வருடம் அது சுற்றியது. பணம் ஒதுக்கி, ஒப்பந்தப்புள்ளி கோரி, பொறிகள் வண்டியில் வந்து இறங்கிய வாரம் பக்கத்து அறையில் கணினியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். திருப்பி அனுப்பலாமே என்று ஒருவர் கேட்டார். "மார்ச்சுக்குள் செலவு காட்டாவிட்டால் அடுத்த வருடம் ஒதுக்கீடு வராது சார்" என்றார் கணக்குப் பிரிவுக்காரர். அவர் சொன்னது சரிதான். அதனால்தான் அதை நிறுத்த முடியவில்லை. அந்தப் பொறிகளால் யாருக்கும் உயிர் போகவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

லண்டன்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். கார் செய்துகொண்டிருந்த தொழிலாளிகள் பேட்டிலைச் செய்துதான் விமானம் செய்யக் கற்றார்கள். அதே லாங்பிரிட்ஜில்தான் பிற்பாடு ஸ்டிர்லிங், லங்காஸ்டர் என்ற நாலு எஞ்சின் ராட்சதர்கள் உருவாயின. ஆலையை 1937-இல் மூடியிருந்தால் 1942-இல் கை வராது. பேட்டில் கற்றுக்கொள்ள உதவிய பலகை. ஆனால் அந்தப் பலகையில் மூன்று மூன்று பேராக மனிதர்களை ஏற்றி அனுப்பியதைத்தான் என்னால் இன்னும் செரிக்க முடியவில்லை.

போர் அறிவிப்புக்கு முந்தின நாள், 1939 செப்டம்பர் 2. பத்து ஸ்க்வாட்ரன் பேட்டில்கள் கால்வாயைக் கடந்து பிரான்சில் ரேன்ஸ் நகரைச் சுற்றியுள்ள மைதானங்களில் இறங்கின. பாரிசுக்கு அளவெடுத்த விமானம் கடைசியில் பிரான்சுக்கு வந்துவிட்டது, காப்பாற்ற. செப்டம்பர் 30 அன்று ஐந்து பேட்டில்கள் சார்புரூக்கன் பக்கம் வேவு பார்க்கப் போயின. மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானங்கள் பாய்ந்தன. அவை மணிக்கு 350 மைல் அளவில் பறப்பவை. பேட்டில் 250 தாண்டுவதே பெரிது. நாலு விழுந்தன. ஐந்தாவது தட்டுத் தடுமாறி வந்து இறங்கும்போது நொறுங்கியது. ஆக, பகலில் துணையில்லாமல் இதை அனுப்பினால் என்ன ஆகும் என்பது போரின் முதல் மாதத்திலேயே எல்லாருக்கும் தெரியும். அதன்பிறகு ஏழு மாதம் பெரிய சண்டை இல்லை. மாற்று விமானமும் வரவில்லை.

1940 மே 10. ஜெர்மன் படை கிளம்பியது. விடியற்காலையில் ஓசையில்லாத கிளைடர்களில் இறங்கி, மாஸ்ட்ரிக்ட் நகருக்கு மேற்கே ஆல்பர்ட் கால்வாயின் பாலங்களைப் பிடித்துக்கொண்டார்கள். அன்று பகலில் லக்சம்பர்க் பக்கம் போன 32 பேட்டில்களில் 13 திரும்பவில்லை. மறுநாள் பாலங்களை உடைக்கப் பெல்ஜியர்களே தங்களிடமிருந்த பேட்டில்களை அனுப்பினார்கள். லொபெல் வரைந்த விமானத்தில் லொபெலின் ஊர்க்காரர்கள். ஒன்பது போயின, ஆறு விழுந்தன, பாலங்கள் அப்படியே நின்றன.

மே 12 ஞாயிற்றுக்கிழமை, பெந்தெகொஸ்து திருநாள். அமிஃபொந்தேன் என்ற சிற்றூர் மைதானத்தில் இருந்த ஸ்க்வாட்ரனிடம் பாலங்களை உடைக்க ஆள் வேண்டும், விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்றார்கள். அது 12-ஆம் ஸ்க்வாட்ரன். நரித்தலைக்காரர்கள். பதினான்கு வருடத்துக்கு முன் உலகத்திலேயே வேகமான குண்டுவீச்சு விமானத்தைப் பெற்றவர்கள், இப்போது பேட்டிலோடு நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாரும் கை தூக்கினார்கள். ஆறு பேரை வரிசைப்படி எடுத்தார்கள். ஒன்று பழுதாகி நின்றுவிட, ஐந்து கிளம்பின. ஃப்ரோன்ஹோவன் பாலத்துக்கு இரண்டு, வெல்ட்வெசெல்ட் பாலத்துக்கு மூன்று. அந்த மூன்றுக்குத் தலைமை டொனால்டு கார்லண்ட், அயர்லாந்துப் பிள்ளை, வயது 21. அவரோடு வழி பார்க்க சார்ஜென்ட் தாமஸ் கிரே, 25. பின்னால் துப்பாக்கியில் லாரன்ஸ் ரேனால்ட்ஸ், 20.

இரண்டு நாளாகப் பாலத்தைச் சுற்றி விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளை ஜெர்மானியர் நட்டு வைத்திருந்தார்கள். கார்லண்ட் தாழப் பறந்து போய்க் குண்டு போட்டார். பாலத்தின் ஒரு முனை சேதமானது. விமானம் விழுந்து மூவரும் இறந்தார்கள். அனுப்பிய ஐந்தில் நாலு இலக்கருகே விழுந்தன. ஐந்தாவது அடிபட்டுத் தரையில் மோதி இறங்கியது. சிறைபிடிபட்ட ஒரு விமானியிடம் ஜெர்மன் அதிகாரி ஒருவர் சொன்னதாகப் பதிவு இருக்கிறது: வெள்ளிக்கிழமை காலையில் பாலத்தைப் பிடித்தோம், வெள்ளி, சனி இரண்டு நாளும் துப்பாக்கி நட எங்களுக்கு நேரம் கொடுத்தீர்கள், எல்லாம் தயாரான பிறகு ஞாயிற்றுக்கிழமை மூன்று விமானத்தில் வருகிறீர்களே என்று. எதிரியே இரங்கிக் கேட்ட கேள்வி.

இரண்டு நாள் கழித்து, மே 14. செதான். எங்கள் ஆசிரியர் புள்ளி வைத்த இடம். மியூஸ் நதிமேல் ஜெர்மானியர் போட்ட மிதவைப் பாலங்களை எப்படியாவது உடைத்துத் தாருங்கள் என்று பிரெஞ்சுத் தளபதிகள் மன்றாடினார்கள். பிரான்சும் தன்னிடம் இருந்ததை அனுப்பியது. அதில் அமியோ 143 என்ற விமானமும் உண்டு. 1928-இல் போட்ட ஃபைலின் பிள்ளை, பேட்டிலுக்கு அண்ணன். பிற்பகலில் ஆங்கிலேயர் இருந்ததையெல்லாம் திரட்டி அனுப்பினார்கள். 63 பேட்டில், 8 பிளென்ஹைம். ஆக 71. இவற்றில் 35 பேட்டிலும் 5 பிளென்ஹைமும் திரும்பவில்லை. 71-க்கு 40. இந்த அளவிலான தாக்குதலில் இவ்வளவு விகிதம் இழப்பைத் தங்கள் விமானப்படை வேறெங்கும் கண்டதில்லை என்று அவர்களுடைய அதிகாரபூர்வ வரலாறே ஒப்புக்கொள்கிறது.

வரவில்லை என்றார் எங்கள் ஆசிரியர். சண்டை விமானங்களைப் பற்றி அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். அதில் லண்டன் கஞ்சத்தனமாகத்தான் இருந்தது. ஆனால் செதானுக்கு வந்தார்கள். வந்தவர்களில் பாதிக்கு மேல் அந்தச் சாயங்காலம் வீடு திரும்பவில்லை. நூலகத்தில் இந்த எண்ணைப் படித்த அன்று அவர் உயிரோடு இல்லை. இருந்திருந்தால் ஒரு கடிதம் போட்டிருப்பேன், பிரெஞ்சில்தான், இலக்கணப் பிழையில்லாமல்.

பேட்டிலின் மீதிக் கதை சுருக்கமானது. அந்த வருட இலையுதிர்காலம் வரை இரவு நேரங்களில் கால்வாய்த் துறைமுகங்களில் குண்டு போட உதவியது. போலந்து நாட்டு விமானிகளும் ஓட்டினார்கள். பிறகு கனடாவுக்கு 700-க்கு மேல் போயின, பயிற்சிப் பள்ளிகளுக்கு. செதானுக்குப் பிறகும் தொழிற்சாலைகள் சில மாதம் பேட்டில் செய்துகொண்டேதான் இருந்தன. ஃபைல் முடிய வேண்டாமா?

போன தடவை மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஹெவர்லே போய்ப் பார்க்க வேண்டும் என்றேன். பெல்ஜியத்தில் லூவேன் நகருக்குப் பக்கத்தில் ஆங்கிலேயப் போர்வீரர் கல்லறைத் தோட்டம். பாரிஸ் புறநகரிலிருந்து காரில் மூன்றரை மணிக்கு மேல் ஆகும். மாப்பிள்ளை முகம் சுளிக்காமல் அழைத்துப்போனார். வாசலில் சுவருக்குள் ஒரு சின்னப் பெட்டி, திறந்தால் பதிவேடு. அகர வரிசையில் பெயர், பதவி, வயது, வரிசை எண். ஒரு பழைய குமாஸ்தாவுக்கு அதைப் புரட்டுவதே ஒரு திருப்தி. மூன்று கற்களையும் கண்டுபிடித்துவிட்டோம்.

இரண்டு கற்களில் விக்டோரியா சிலுவை வடிவம் செதுக்கியிருந்தது. கார்லண்டுக்கும் கிரேவுக்கும் 1940 ஜூன் மாதத்திலேயே அந்தப் பதக்கத்தை அறிவித்துவிட்டார்கள்; அந்தப் போரில் விமானப்படைக்குக் கிடைத்த முதல் விக்டோரியா சிலுவைகள் அவை. மூன்றாவது கல்லில் சாதாரணச் சிலுவை. ரேனால்ட்ஸுக்கு எதுவும் இல்லை.

"ஏன் மாமா, இவரும் அதே விமானத்தில்தானே போனார்?" என்றார் மாப்பிள்ளை.

"ஆமாம் தம்பி. முடிவெடுக்கும் இடத்தில் இவர் இல்லை என்று காரணம் சொல்கிறார்கள்."

"பின்னால் உட்கார்ந்திருந்தவர் எங்கே இறங்கிப் போக முடியும்?"

எனக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை. அவருடைய பதவி லீடிங் ஏர்கிராஃப்ட்மேன். நம் அலுவலகத்துக் கணக்கில் கடைநிலைக்கு ஒரு படி மேலே. துப்பாக்கியில் உட்காருபவர்களில் பலர் அப்போது அந்த நிலையில்தான் இருந்தார்கள். விமானத்தில் பறக்கும் ஒவ்வொருவருக்கும் குறைந்தது சார்ஜென்ட் பதவி என்று உத்தரவு வந்ததும் அதே 1940-இல்தான். அவருக்கு அது எட்டவில்லை. கார்லண்டின் மற்ற மூன்று சகோதரர்களும் போர் முடிவதற்குள் ஒவ்வொருவராக இறந்தார்கள் என்பதையும் மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அவருக்கும் இரண்டு பையன்கள்.

பெட்டியில் வருகிறவர்கள் கையெழுத்துப் போட ஓர் ஏடும் இருந்தது. மூன்று பெயரையும் தமிழில் எழுதினேன். ரேனால்ட்ஸ் பெயரை முதலில் எழுதினேன். ஊர் என்ற கட்டத்தில் புதுச்சேரி என்று போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். மழை தூற ஆரம்பித்திருந்தது.